வண்டி கட்டாத ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணி. பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் அடித்து முடித்தபோது மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டிருந்தார். “அத்தை, இப்பவே வண்டி கட்டினா பொழுதோட அக்கரை போயிருவோமுங்க. சாயங்கால ரயில் கெடைச்சுரும்” என்றார். “நாளைக்குக் காலையில போலாமுங்க மாப்பிள்ளை” என்றேன். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் துன்பம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் மறுநாளைச் சொல்வார்கள். நான் இந்த இரண்டு மணியைத்தான் சொல்வேன்.

என் மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம் நிறைந்துவிட்டது. அவளையும் குழந்தையையும் அழைத்துப் போக மாப்பிள்ளை வந்திருந்தார். அவருக்குக் கரூர்ப் பக்கத்தில் ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம். செவ்வாய்க்கிழமை காலையில் வேலையில் நிற்க வேண்டும். நாங்கள் இருந்தது நாமக்கல் சமவெளியில் ஒரு சந்தை ஊர். நானும் என் கணவரும் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். மாட்டு வண்டியில் மூன்று மணி நேரம் போனால் ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் காவிரியில் ஒரு பரிசல் துறை. பரிசலில் அக்கரை போனால் ரயில் ஏறலாம். அதுதான் நாங்கள் எப்போதும் போகும் வழி.

எங்கள் சபை சிறியது. ஆலயத்தின் உள்சுவரில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் பத்துக் கட்டளைகளையும் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் மற்ற ஒன்பதை எவ்வளவு காத்தோமோ தெரியாது, ஓய்வுநாளை மட்டும் கறாராகக் காத்தோம். சனிக்கிழமை சாயங்காலமே புளிச்சோறு கிளறி மூடி வைத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடுகளில் அடுப்பு புகையாது, வண்டி கட்ட மாட்டோம். அந்தக் கட்டளை மனிதருக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல, மாட்டுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. ஊரில் எங்களைக் கேலி செய்ய வேறு விஷயமே வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் பேச்சுக் கேட்டு வேலியோரம் வந்து நின்றாள். அவர்கள் குடியானவர்கள், எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம்.

“ஏனுங்க டீச்சரம்மா, உங்க மாடுதான லீவுல இருக்குது? எங்க மாடு இன்னும் உங்க வேதத்துல சேரலீங்க. அதைக் கட்டிக்கச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. “எங்க வாசல்ல வந்து நின்னா அதுக்கும் ஓய்வுதானுங்க” என்றேன்.

“அப்பறம் எங்க ஊட்டுக்காரருக்கும் ஒரு நாள் லீவு வாங்கிக் குடுங்க. மாட்டை விட மோசமா உழைக்கறாரு.”

என் மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி, “ஒரு நாள்தானுங்களே. அம்மா சொல்றப்ப இருந்துட்டுப் போலாமுங்க” என்று கணவரிடம் சொன்னாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவரும் எங்கள் மதத்தவர்தான் என்றாலும் நகரத்துச் சபையில் வளர்ந்தவர், இவ்வளவு கட்டுப்பாடு அவர்களுக்குக் கிடையாது. அன்று பகல் முழுவதும் கூடத்தில் படுத்து விசிறிக்கொண்டிருந்தார். நான் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நாள் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி கட்டினோம். ஆடி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. காற்று சுழற்றி அடித்தது, வானத்தில் மேகமே இல்லை. எங்கள் ஊரில் ஒரு தூறலும் கிடையாது. மேற்கே எங்கோ மலையில் மழை என்று சந்தைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது என்று எல்லோரும் மகிழ்ச்சியாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் மறுபடி வந்து, “ஏழரை ஆனா ராகு காலம் வந்துருமுங்க, வெரசாக் கெளப்புங்க” என்றாள்.

“அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்களே” என்றேன்.

“நீங்க பாக்க வேண்டாமுங்க. உங்களுக்கும் சேத்து நான் பாத்துக்கறேன். ஏறு சாமி, புள்ளையக் காத்துப் படாம மூடிக்கோ” என்று என் மகளைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டாள். ஏழே காலுக்கு வண்டி புறப்பட்டது. வண்டிக்காரர் எங்கள் சபையைச் சேர்ந்த பெரியவர். எங்களிடம் இருந்தது ஒற்றை மாட்டு வண்டி.

வண்டிக்காரர் திரும்பி வந்தபோது பிற்பகலாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வண்டியை வீட்டுக்குக் கொண்டு போகாமல் பள்ளிக்கூடத்து வாசலிலேயே நிறுத்தினார். மாடு நுரை தள்ளிக்கொண்டு நின்றது. அவர் மாட்டை ஒருபோதும் விரட்டி ஓட்டுகிறவர் அல்ல. அதைப் பார்த்ததுமே சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“அம்மா, பரிசல்ல ஏத்தி உட்டுட்டேனுங்க. ஏறும்போது தண்ணி எப்பவும் போலத்தான் இருந்துச்சு. கொஞ்சம் செவப்பு, அவ்வளவுதான். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டீட்டுத் திரும்பறேன், ஆறு சத்தம் போடுதுங்க. மரமெல்லாம் வேரோட வருது. பரிசல் பாதி ஆறு தாண்டியிருந்துச்சு. சுத்திச்சுங்க. சுத்திக்கிட்டே அந்த வளைவுக்கு அக்கட்டால போயிருச்சு.”

“அக்கரை சேந்துச்சா?”

“பாக்கலீங்கம்மா. நான் நின்ன எடத்துக்கே தண்ணி வந்துருச்சு.”

பரிசலில் இருந்தது பரிசல்காரரையும் சேர்த்து நான்கு பேர் என்றார். பிறகு, “பரிசக்காரரு கண்ணு செவந்திருந்துச்சுங்க. தூங்கலியோ என்னமோ” என்றார். அதை அவர் அவ்வளவு யோசித்துச் சொல்லவில்லை. பார்த்த எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அதையும் சொன்னார்.

என் கணவர் அந்த வண்டியிலேயே ஏறி ஆற்றுக்குப் போனார். அடுத்த நாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். துறை இருந்த இடம் தெரியவில்லை என்றார். அக்கரையே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது, கரையில் நின்று கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்கவில்லை என்றார். தந்திக் கம்பி அறுந்துவிட்டது. அக்கரையில் ரயில் பாதையும் போய்விட்டதாகச் சொன்னார்கள். கரையோரமாகக் கீழே கீழே நடந்து ஒவ்வொரு ஊரிலும் கேட்டுவிட்டு வருவார். வந்து செருப்பைக் கழற்றும்போது தலையை மட்டும் ஆட்டுவார். நான் கேட்க மாட்டேன்.

ஆற்றோரத்து ஊர்களில் வீடு இழந்தவர்கள் மேட்டுப் பாங்கான எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டோம். கோழிக் கூடையோடும் ஆட்டுக்குட்டியோடும் வந்தார்கள். பெஞ்சுகளை வெளியே போட்டுவிட்டு வகுப்பில் பாய் விரித்தோம். பெரிய பானைகளைச் சபையார் கொண்டுவந்தார்கள். சமைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

இரண்டாம் நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து எதிரில் உட்கார்ந்து சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முப்பது வயது இருக்கும். “நீங்கதானுங்க அந்த டீச்சரம்மா?” என்று கேட்டாள். “நான் பரிசக்காரரு ஊட்டுக்காரிங்க.”

அவளே பேசினாள். “எங்க மாமன் தண்ணியிலயே பொறந்தவரு மாதிரிங்க. எங்காச்சும் கரையேத்தியிருப்பாரு. நீங்க சாப்புடறதே இல்லைன்னு சொன்னாங்க. அப்படி இருக்கக் கூடாதுங்கம்மா.” அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவள் என் கூடவே இருந்தாள். கல் பொறுக்குவாள், தண்ணீர் இறைப்பாள். தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலை தூக்குவோம்.

ஊர் பேசத் தொடங்கியது. யாரும் என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. “ஞாயித்துக்கெழமையே போயிருந்தா நல்லபடியாப் போயிச் சேந்திருப்பாங்க” என்று கிணற்றடியில் சொன்னார்கள். சபையிலேயே சிலர் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்திதான் வாய் திறக்கவில்லை. எதைப் பற்றியும் கேலி செய்யாமல் அவள் சும்மா இருந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

என் கணவர் ஒரு முறை மட்டும், “கட்டளையைத்தானே காத்தோம்” என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, கடவுளிடம் கேட்டாரா என்று தெரியவில்லை. எனக்குக் கோபமாக இருந்தது. கோபம் யார் மேல் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆலயத்தைப் பெருக்கப் போனபோது அந்தக் கறுப்புப் பலகை இருந்த பக்கம் திரும்பாமலே பெருக்கிவிட்டு வந்தேன்.

ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் ஆறு சத்தம் போடுவதுபோலக் காதில் கேட்கும். சபையார் வந்து, வேதத்தில் கடவுள் கொடுத்த வாக்குத்தத்தங்களைச் சொன்னார்கள். தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பார் என்றார்கள், ஒரு தலைமயிரும் விழாது என்றார்கள். நல்லவர்கள், அழுதுகொண்டே சொன்னார்கள். எனக்கு அவை ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. வாக்குத்தத்தத்தை நம்ப வேண்டும். நம்புவதற்கு ஒரு பலம் வேண்டும். அந்தப் பலம் என்னிடம் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்று கட்டளைகளை வரிசையாகச் சொல்வது வழக்கம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வந்திருந்த குழந்தைகள் ஒரே கூச்சலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வேறு வழி தோன்றாமல் அவர்களை எங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்தி ஆரம்பித்து வைத்தேன். என் வாய் இருபது வருஷப் பழக்கத்தில் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. ஓய்வுநாளுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு எங்கள் மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் என்னை விட்டுவிட்டுத் தாங்களாகவே அதையும் சொல்லி, அடுத்ததையும் சொல்லி, கடைசி வரை போய்விட்டார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

அப்படிக் கேட்டபோது ஒன்று தோன்றியது. அதைப் பெரிய வெளிச்சம் என்று சொல்ல மாட்டேன். இவற்றில் எதையும் நம்புவதற்கு எனக்குப் பலம் வேண்டியதில்லை. திருடாதே என்றால் திருடாமல் இருந்தால் போதும். அதற்கு மனம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்றில்லை. மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எதுவுமே தெரியாத அந்த நாட்களில், செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. இருட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பதுபோல அவற்றைத் தொட்டுக்கொண்டு அடுத்த வேளை வரை போனேன்.

அதற்குச் சீக்கிரமே சோதனையும் வந்தது. வெள்ளச் சேதத்தை விசாரிக்க ரெவினியூ இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்தார். மணியக்காரரும் துறைப் பக்கத்து வியாபாரி ஒருவரும் கூட வந்தார்கள். வியாபாரியின் புகையிலை மூட்டைகளையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. அவர் யார் மேலோ ஆத்திரமாக இருந்தார். பள்ளிக்கூடத்து வாசலில் நாற்காலி போட்டு இன்ஸ்பெக்டர் உட்கார்ந்ததும் வியாபாரி சொன்னார்: “அந்தப் பரிசக்காரன் குடிச்சுட்டுத்தானுங்க ஓட்டறவன். அன்னைக்கும் குடிச்சிருக்கறான். கூலிக்கு ஆசப்பட்டு வெள்ளத்துல ஏத்திக்கிட்டுப் போயிக் குடும்பத்தையே அழிச்சுட்டான். இவங்க வண்டிக்காரரே சொன்னாருங்களாம், கண்ணு செவந்திருந்துச்சுன்னு. இவங்களையே கேளுங்க.”

கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றுவிட்டது. அவள் கணவன் குற்றவாளி என்று முடிவானால் துறையில் பரிசல் விடும் உரிமை வேறு ஒருவருக்குப் போய்விடும். அவன் திரும்பி வந்தாலும் விலங்குதான்.

வண்டிக்காரர் என் கணவரோடு ஆற்றுக்குப் போயிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு ஆசையாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன். கண் சிவந்திருந்தது என்று வண்டிக்காரர் சொன்னது உண்மைதான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் நான் சொல்லிவிட்டு நிறுத்தினால் போதும், மற்றதை அவர்களே சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச மாட்டார்கள். நானும் ஒரு நாள் தூங்கலாம்.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, பாதி உண்மையைச் சொல்லி நிறுத்துவதும் பொய்ச்சாட்சிதான் என்று நானே வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அப்போது நினைவு வந்தது என்பதுகூடச் சரியல்ல. மறக்க முடியாமல் இருந்தது.

“நான் பரிசல் துறையில இல்லீங்க. வண்டிக்காரரு கண்ணு செவந்திருந்துச்சுன்னாரு, தூங்கலியோ என்னமோன்னும் சொன்னாரு. குடிச்சிருந்ததாச் சொல்லலீங்க. ஏறும்போது தண்ணி எப்பவும் போலத்தான் இருந்துச்சாம். வெள்ளம் வந்தது நடு ஆத்துல” என்றேன்.

“உங்க பொண்ணும்மா அது” என்றார் மணியக்காரர், எனக்கு நினைவூட்டுவதுபோல.

“ஆமாங்க” என்றேன். “அதுக்காக நான் பாக்காததைச் சொல்ல முடியுங்களா?”

இன்ஸ்பெக்டர் வியாபாரியைப் பார்த்து, ஆடிக் காற்றில் தன் கண்ணும் சிவந்துதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அந்த வாரத்தில் முதல் தடவையாக நெஞ்சில் ஒரு இடம் லேசாக இருந்தது. எதை முடிவு செய்வது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எனக்காக எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

பரிசல்காரர் மனைவி என் பக்கம் திரும்பினாள். “குடிக்கறவருதானுங்கம்மா. இல்லைன்னு சொன்னாப் பொய்யிங்க. ஆனா பரிசல்ல கால் வெச்சா அன்னைக்குத் தொட மாட்டாரு.” பிறகு சுளகை மறுபடி புடைத்தாள்.

எல்லாக் கட்டளையும் இப்படி என் கைக்கு அடங்கவில்லை. வெள்ளத்தில் காணாமல் போயிருந்த இரண்டு குழந்தைகளை ஒருவர் தோளில் தூக்கிவந்து பள்ளிக்கூடத்தில் விட்டார். அவர்களுடைய தாய் அவர்களை அடித்து அடித்து அழுதாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டேன். பிறருடையதை இச்சிக்காதே என்பது வீட்டையும் நிலத்தையும் பற்றியது என்று நினைத்திருந்தேன். அன்று அந்தத் தாயிடம் இருந்ததை நான் இச்சித்ததுபோல எதையும் இச்சித்ததில்லை. அந்தக் கட்டளை எனக்கு அன்று ஆறுதலாக இல்லை. திரும்பிப் போய் அவளுக்கும் குழந்தைகளுக்கும் சோறு போட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அடுத்த ஞாயிறு வந்தது. அதைப் பற்றி நான் சனிக்கிழமை முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். காலையில் என் கணவர் வழக்கம்போல வண்டி கட்டப் போனார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆபத்தில் இருக்கிறவரைத் தேடிப் போவதற்கு ஓய்வுநாள் தடையல்ல என்று எங்கள் போதகரே சொல்லியிருந்தார். ஆனால் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“கழுத்தைப் பாருங்கய்யா” என்றார்.

மாட்டின் கழுத்தில் தோல் உரிந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக ஒரு நாளும் விடாமல் ஆற்றுக்கும் ஊருக்கும் நடந்திருக்கிறது. நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. “இன்னைக்கும் கட்டினா நாளைக்குப் படுத்துக்குமுங்க” என்றார் வண்டிக்காரர்.

என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே வெகு நேரம் நின்றார். அவருடைய காலும் கொப்புளமாகத்தான் இருந்தது. “சரி, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வண்டிக்காரர் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்து மாட்டின் கழுத்தில் பூசினார். அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

ஆலயத்தில் அன்று போதகர் கட்டளைகளை வாசித்தபோது நான் அந்தப் பலகையைப் பார்த்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு பார்த்தேன். ஏன் அவர்களைப் போகவிடாமல் செய்தாய் என்று அதைத்தான் கேட்டேன். பதில் வரவில்லை. இன்று வரை வரவில்லை. மேட்டூரில் பெரிய அணை கட்டுகிறார்கள், இனி ஆறு அப்படி வராது என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நான் கேட்டதற்கு அது பதில் அல்ல.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தேன். சமையல் முறை அன்று பக்கத்து வீட்டு அம்மாளுடையது. எங்கள் சபையார் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்று அவளே முன்வந்து பானைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். “நீங்க போயிப் படுங்க டீச்சரம்மா. இன்னைக்கு உங்களுக்கு லீவு. உங்க சாமி சொன்னதைக் கேக்கலீன்னா அப்பறம் எதுக்கு அந்தச் சாமி?” என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி அது.

படுத்தேன். தூங்குவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன். மகள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் ஒரு தாய் எப்படிக் கண்ணை மூடுவாள்? ஆனால் அன்று தூங்குவது என் இஷ்டமல்ல, எனக்கு இடப்பட்ட வேலை. ஓய்ந்திரு என்று யாராவது அதிகாரத்தோடு சொன்னால் ஒழிய என் உடம்பு கேட்டிருக்காது. கேட்டது. சாயங்காலம் வரை கனவில்லாமல் தூங்கினேன். எழுந்தபோது துக்கம் அதே இடத்தில் அப்படியே இருந்தது. அதைத் தூக்கக் கொஞ்சம் பலம் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை முற்பகலில் நாங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். நான், பரிசல்காரர் மனைவி, பக்கத்து வீட்டு அம்மாள். தெருவில் ஒரு ஆள் நொண்டி நொண்டி வந்தார். யாருடையதோ பெரிய சட்டையைப் போட்டிருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. வடக்கே வெகு தூரத்தில் இருக்கும் ரயில் பாலம் வரை போய், அதன் மேல் நடந்து, இக்கரை வழியாகத் திரும்பி வந்தார் என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் வரும் வரை அது என் மாப்பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை.

தனியாக வந்தார்.

நான் எழுந்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எதையும் படிக்க முடியவில்லை. பக்கத்தில் வந்து, “அத்தை, பரிசக்காரரு ஊட்டுக்காரங்க இங்க இருக்கறதா ஆத்தங்கரையில சொன்னாங்க. யாருங்க?” என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாள் கையைக் காட்டினாள்.

அவர் என்னைத் தாண்டிப் போய் அந்தப் பெண்ணின் முன்னால், அந்தக் கீரைத் தழைகள் மேலேயே உட்கார்ந்தார். அவள் மடியில் இருந்த கீரையைக் கீழே வைக்கவில்லை. அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார்.

“அக்கா, பரிசல் கவுந்துச்சுங்க. அவரு பரிசக் கவுத்தைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நீந்தி எங்களை ஒரு மரத்துக்கிட்டக் கொண்டாந்தாரு. மொதல்ல கொழந்தைய ஏத்தினாரு, அப்பறம் எங்க ஊட்டுக்காரிய, அப்பறம் என்னைய. என்ர கையை அவரு புடிக்கறதுக்குள்ள தண்ணி இழுத்துருச்சுங்கக்கா. கொழந்தையும் தாயும் அக்கரையில பத்திரமா இருக்கறாங்க. எங்க மூணு பேரையும் கரையேத்தி உட்டுட்டு அவரு போயிட்டாருங்க.”